அந்தக் கட்டி இப்போது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் திருச்சிப் பதிப்பின் உள்பக்கத்தில், வயதான லேப்ரடார் ஒன்றின் ஈரலிலிருந்து பெரிய கட்டியை அகற்றிய செய்தி படத்தோடு வந்திருந்தது. நாய் நலமாக இருக்கிறது, வீட்டுக்காரர்கள் கண்கலங்கி நன்றி சொன்னார்கள், டாக்டர்களுக்குப் பாராட்டு. சந்தோஷம்தான். வாயில்லா ஜீவன் பிழைத்தது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? ஆனால் எனக்கு வேண்டிய ஒரு வரி அந்தச் செய்தியில் இல்லை. வெட்டி எடுத்த கட்டி எங்கே போனது? டிரேயில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள், அது தெரிகிறது. அதற்குப் பிறகு?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் என் பிழைப்பு. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பதாலஜி துறையில், திசுவை வெட்டிச் சாயமேற்றும் பிரிவில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டு உட்கார மனசில்லாமல், ஒரு தனியார் லேபில் பாதி நேரம் வேலைக்குப் போனேன். அங்கே மனிதர்களின் பயாப்ஸியோடு, கால்நடை டாக்டர்கள் அனுப்பும் டப்பாக்களும் வரும். மாட்டு மடி, பூனைக் காது, நாயின் தோல் கட்டி, மார்புக் கட்டி. ஈரல் எப்போதாவதுதான் வரும். வந்தால் எங்கள் பதாலஜி மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஏனென்றால் நாய்க்கு ஈரலிலேயே தொடங்கும் கட்டி அபூர்வம். நாய்களுக்கு வரும் எல்லாக் கட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. ஈரலில் ஸ்கேன் காட்டும் புற்றில் பெரும்பகுதி மண்ணீரல், கணையம், குடல் என்று வேறு எங்கோ தொடங்கி, ரத்தத்தோடு வந்து ஈரலில் தங்கியதாக இருக்கும். ஈரலிலேயே பிறந்ததிலும் ஒரே ஜாதி கிடையாது. ஈரல் செல்லிலிருந்து வருவது ஒன்று. பித்தக் குழாயின் உள்சுவரிலிருந்து வருவது இன்னொன்று. நரம்பு போலவும் நாளமில்லாச் சுரப்பி போலவும் இரட்டை வேலை பார்க்கும் சில செல்கள் அங்கே உண்டு, அவற்றிலிருந்து வருவது மூன்றாவது, இதைக் கார்சினாய்டு என்பார்கள். ரத்தக் குழாயிலிருந்து வருவதும் உண்டு. ஆபரேஷன் மேஜையில் நான்கும் ஈரலில் ஒரு முண்டு என்ற அளவில்தான் தெரியும்.

ஆனால் தலையெழுத்து வேறு வேறு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2004இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஈரல் செல்லிலிருந்து வந்து, ஈரலின் பிரிவுகளான மடல்களில் ஒன்றில் மட்டும் பெரிதாக வளர்ந்த புற்று இருந்த 48 நாய்கள். மடலோடு வெட்டி எடுக்கப்பட்ட 42 நாய்களின் இடைநிலை ஆயுள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் நாயின் ஆயுள், 1,460 நாளுக்கும் மேல். நாலு வருஷம். வெட்டாமல் விட்ட ஆறு நாய்களுக்கு 270 நாள். நாயின் ஈரலுக்கு ஆறு மடல்கள் இருப்பதால் ஒன்றைத் தியாகம் செய்வது சாத்தியம், அதுவும் இந்த வகைக் கட்டி பெரும்பாலும் இடப்பக்க மடலில் வருவதால் கத்திக்கு வாகாக இருக்கும். ஆனால் பித்தக் குழாயிலிருந்து வந்ததற்கோ கார்சினாய்டுக்கோ இந்தக் கணக்கு ஒத்துவராது. அவை பல மடல்களில் பரவி, வயிற்றுச் சவ்வுக்கும் நிணநீர் முடிச்சுக்கும் போன பிறகே பெரும்பாலும் கண்ணில் படும். ஆகவே "கட்டியை எடுத்தாகிவிட்டது, நாய் நலம்" என்ற செய்தி எனக்குப் பாதிச் செய்திதான். எந்தக் கட்டி என்று தெரிந்தால்தான் அந்த வீட்டுக்காரர் நாலு வருஷம் நிம்மதியாக இருக்கலாமா, அடுத்த மாதமே திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று சொல்ல முடியும்.

அதை யார் சொல்வது? முதலில் சாதாரண ஸ்லைடு. ஹெமட்டாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயம், நீலமும் ரோஸும். நல்ல கண் உள்ள பதாலஜிஸ்ட் பெரும்பாலான கட்டிகளுக்கு இதிலேயே பெயர் வைத்துவிடுவார். சிக்கல், செல் தன் முகத்தை முழுக்கத் தொலைத்துவிட்ட கட்டிகளில்தான். அங்கேதான் புரதம் வருகிறது. ஊரை விட்டு வந்து உடையை மாற்றினாலும், வாயைத் திறந்தால் திருநெல்வேலிக்காரர் யார் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா, அதுபோலப் புற்றுச் செல் உருவத்தை மாற்றிக்கொண்டாலும் உள்ளே அது செய்யும் புரதங்களில் பிறந்த இடம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரல் செல் என்றால் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் என்சைம் அதன் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் பொருள். ஹெப்பார்-1 என்று ஒரு ஆன்டிபாடி, அந்த என்சைமைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பித்தக் குழாய் என்றால் கெரட்டின் 7, கெரட்டின் 19. கார்சினாய்டு என்றால் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின். ரத்தக் குழாய் என்றால் சி.டி.31.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல ஆசை. நாங்கள் அறைக்குள்ளேயே இருந்து ஓய்வு பெறுகிறவர்கள், யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

திசு மெழுகுக் கட்டியாக வரும், அதுதான் பிளாக். மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மாட்டி மூன்று, நான்கு மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. சீவல் ரிப்பனாக நீண்டு வரும். அதைத் தூரிகையால் தாங்கி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டால் சுருக்கம் விரியும், உடனே ஸ்லைடை அடியில் விட்டு ஏந்த வேண்டும். மின்விசிறி ஓடினால் போச்சு. மே மாதத் திருச்சியில் மின்விசிறி இல்லாமல், பிளாக்குக்கு ஐஸ் வைத்துக்கொண்டு நாங்கள் சீவியிருக்கிறோம். பிறகு மெழுகைக் கரைத்து எடுத்து, சிட்ரேட் கரைசலில் ஸ்லைடுகளைப் போட்டு பிரஷர் குக்கரில் ஏற்றுவோம். ஆம், வீட்டில் பருப்பு வேக வைக்கும் அதே பிரஷர் குக்கர்தான். திசு கெடாமல் இருக்க முதலில் அதை ஊறப் போடும் ஃபார்மலின், புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டிவிடும். அந்தப் பூட்டைத் திறக்க இந்த வேக்காடு வேண்டும். 1991இல்தான் இந்தச் சூட்டு முறை வெளியானது. அதற்கு முன்னால் பல புரதங்கள் பிளாக்குக்குள் இருந்தும் கண்ணுக்குத் தெரியாமலே கிடந்தன.

அதன் பிறகு ஆன்டிபாடி ஒரு சொட்டு, ஈரப் பெட்டியில் ஒரு மணி நேரம், கழுவல், இரண்டாவது ஆன்டிபாடி, மறுபடி கழுவல், கடைசியில் டி.ஏ.பி. என்ற நிறமி. புரதம் இருக்கும் இடத்தில் காபிப் பொடி நிறம் ஏறும். இல்லாத இடம் நீலமாகவே இருக்கும்.

ஈரலுக்கு ஒரு தனி வம்பு உண்டு. ஈரல் செல்லில் இயற்கையாகவே பயோட்டின் என்ற வைட்டமின் ஏராளம். பழைய கிட்களில் பயோட்டினை வைத்துத்தான் நிறம் ஏற்றுவார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் ஆன்டிபாடி எதுவும் ஒட்டாமலே ஈரல் முழுக்கப் பழுப்பாகி, "எல்லாமே பாசிட்டிவ்" என்று பல்லை இளிக்கும். இப்போதைய பாலிமர் கிட்களில் இந்தத் தொல்லை இல்லை.

நாய் என்றால் இன்னொரு வம்பு. கடையில் கிடைக்கும் ஆன்டிபாடி மனிதப் புரதத்தைப் பிடிப்பதற்காகச் செய்தது. நாயின் புரதமும் அந்த இடத்தில் ஒத்திருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது. பிடிக்காமல் போனதை "புரதம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் அது பொய் ரிப்போர்ட். அதனால் ஒவ்வொரு முறையும் அதே இனத்தின் நல்ல திசுவையும் பக்கத்தில் வைத்துச் சாயமேற்ற வேண்டும். மனித லேபில் நாயின் நல்ல கணையம் எங்கே கிடைக்கும்? எங்கள் மேடம் கால்நடைக் கல்லூரியில் இருந்த பழைய தோழி ஒருவரிடம் சொல்லி வைத்து, பிரேதப் பரிசோதனைக்கு வந்த நாய் ஒன்றின் கணையத்திலும் ஈரலிலும் சிறு துண்டுகள் வாங்கி பிளாக் போட்டு வைத்திருந்தார். எங்கள் லேபின் பொக்கிஷம் அது. ஒரு சீவலைக்கூட வீணாக்க விடமாட்டார்.

அந்தப் பொக்கிஷம் கை கொடுத்த ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறேன். நம்மூரில் பொமரேனியன் என்று சொல்லி விற்கிற வெள்ளை ஸ்பிட்ஸ், பேர் மணி. வயது அதிகமில்லை, ஏழோ எட்டோ. சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி, வயிற்றில் கை வைத்தால் கட்டி தட்டுப்படுகிறது. அறுவை செய்த டாக்டர் விவரம் தெரிந்தவர். துண்டுகளை வாயகன்ற டப்பாவில் ஃபார்மலின் ஊற்றி, "இரண்டு மடல்களில் இருந்தது, நடு மடலில் சிறு முண்டுகள்" என்று சீட்டும் எழுதி அனுப்பியிருந்தார். முதல் ஸ்லைடைப் பார்த்தால் ஈரல் செல் புற்று மாதிரிதான் இருந்தது. செல்கள் கூட்டம் கூட்டமாக, நடுவில் மெல்லிய ரத்தக் குழாய்கள். வேறு லேபாக இருந்தால் அப்படியே எழுதி அனுப்பியிருப்பார்கள், குற்றம் சொல்லவும் முடியாது. மேடத்துக்கு மட்டும் செல் கருக்கள் ஒரே மாதிரி வரிசை கட்டி நிற்பது பிடிக்கவில்லை. "ஹெப்பார் போடுங்க, சினாப்டோவும் போடுங்க, கூடவே நம்ம கணையத்தையும் வைங்க" என்றார்.

மறுநாள் மத்தியானம் ஸ்லைடு தயார். ஓரத்தில் கொஞ்சம் நல்ல ஈரல் ஒட்டிக்கொண்டிருந்தது, ஹெப்பார் அதில் பொடிப்பொடியாகப் பழுப்பு ஏறியிருந்தது. ஆகவே ஆன்டிபாடி நாயில் வேலை செய்கிறது. கட்டிக்குள் ஒரு புள்ளி நிறம் கிடையாது. சினாப்டோவில் நேர் எதிர். கணையத் துண்டில் இன்சுலின் சுரக்கும் தீவுகள் பழுப்பு, கட்டி முழுக்கப் பழுப்பு, ஓரத்து ஈரல் வெறும் நீலம். கார்சினாய்டு. நாயில் அபூர்வத்திலும் அபூர்வம். கணையத்தில் தொடங்கி ஈரலுக்கு வந்ததா என்றும் பார்க்க வேண்டும், அதற்காக டாக்டருக்கு ஃபோன் போனது. ஸ்கேனில் கணையம் சுத்தம் என்றார். வீட்டுக்காரரிடம் நாலு வருஷக் கணக்கைச் சொல்ல இருந்தவர், அதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். மணி அதற்கப்புறம் சில மாதங்கள் இருந்தது, கஷ்டப்படாமல் இருந்தது என்று கேள்வி. அந்த பிளாக் இன்னும் அந்த லேபின் அலமாரியில் எண்ணோடு இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, என் அக்கா பெண் வீட்டு நாய்க்கும் ஈரலில் கட்டி வந்தது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை, சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆபரேஷன் நன்றாகவே செய்தார்கள். "டெஸ்டுக்கு அனுப்பினீங்களா?" என்று கேட்டதற்கு, "எதுக்கும்மா வீண் செலவு, பார்த்தாலே கேன்சர்னு தெரியுது" என்று பதில். கட்டி, ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையில் போய்விட்டது. நான் செய்தி கேட்டு ஃபோன் செய்தபோது பையும் வண்டியேறிப் போய்விட்டது. என்ன கட்டி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"மனுஷனுக்கே ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, நாய்க்குப் புரத ஆராய்ச்சியா?" என்று யாராவது அடுத்த வாரம் இதே பகுதியில் எழுதுவார். எழுதட்டும். அரசு ஆஸ்பத்திரியில் காலம் தள்ளியவள் என்ற உரிமையில் நானும் ஒன்று சொல்கிறேன். மனிதருக்கு ஈரல் புற்று பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போன ஈரலில் வருகிறது. ஹெபடைடிஸ் பி, சி, சாராயம், கொழுப்பு என்று வருஷக்கணக்காகச் சுருங்கிய ஈரல். அங்கே எது புற்றின் வேலை, எது பழைய நோயின் வடு என்று பிரிப்பதே பெரும்பாடு. நாயின் ஈரல் புற்று பெரும்பாலும் அப்படிச் சுருங்கிய ஈரலில் வருவதில்லை, மனிதருக்கு வருவதுபோல் ஹெபடைடிஸ் பி-யால் வருவதுமில்லை. நம்மோடு ஒரே கூரையில் இருந்து, நம் காற்றைக் குடித்து, நம் சோற்றில் மிச்சத்தைத் தின்று, தானாக வருகிற புற்று அது. எலிக்கு ஊசி போட்டு வரவழைத்தது அல்ல.

பலன் கிடைத்த ஒரு சேதியும் உண்டு. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் குழு ஒன்று நாய்களின் ஈரல் செல் கட்டிகளையும் மனிதரின் ஈரல் செல் கட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் மேலே சொன்ன கெரட்டின் 19ஐத் தேடியது. முடிவு 2010இல் வெளியானது. முதிர்ந்த ஈரல் செல்லில் இந்தப் புரதம் இருக்காது, பித்தக் குழாயிலும், ஈரல் செல்லாகவும் பித்தக் குழாய்ச் செல்லாகவும் மாறக்கூடிய இளம் செல்லிலும்தான் இருக்கும். ஈரல் செல் கட்டி ஒன்றில் இது தென்பட்டால், நாயானாலும் மனிதனானாலும் அது மோசமான கட்டி, பரவக்கூடியது. நாய்க் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இது இல்லை, சிறுபான்மையில் இருந்தது, அந்தச் சிறுபான்மைதான் ஊடுருவிப் பரவியது. ஒரே புரதம், இரண்டு இனத்திலும் ஒரே எச்சரிக்கை. அந்தக் குழுவுக்கு இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு நாயின் துண்டையும் யாரோ ஒருவர் பொறுப்பாக பிளாக் போட்டு எண் எழுதி வைத்திருந்ததுதான்.

நம் நாட்டுச் சம்பவமும் ஒன்று சொல்ல வேண்டும். 1974 கடைசியில் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பழங்குடி மக்களுக்கு மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமுமாக ஒரு நோய் வந்தது. கண்டறியப்பட்ட 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளம், அதிலிருந்த அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு. அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களுக்கும் அதே வீக்கம், அதே காமாலை, அதே சாவு. அது புற்று அல்ல, ஈரல் அழற்சி. ஆனால் அதே நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உள்ளே போனால் மனிதருக்கு ஈரல் புற்றைத் தரும் என்பது ஊரறிந்தது. நாயின் ஈரலைப் பார்ப்பது நாய்க்காக மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

இப்போது ஆன்டிபாடியோடு வேலை நிற்பதில்லை. ஆன்டிபாடிக்கு எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், தேடியது மட்டும்தான் கிடைக்கும். நிறை நிறமாலைமானி என்று பாடப்புத்தகம் சொல்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அப்படி இல்லை. திசுவிலிருந்து புரதம் முழுவதையும் எடுத்து, டிரிப்சின் என்ற என்சைமால் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளின் எடையை அளந்து, எந்த எடை எந்தப் புரதத்தின் துண்டு என்று பட்டியலோடு ஒப்பிட்டுவிடும். ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள். பெரிய புரதங்களை உடையாமல் ஆவியாக்கி எடை போடும் வழி கண்ட ஜான் ஃபென்னுக்கும் கோய்ச்சி தனாகாவுக்கும் 2002இல் நோபல் கொடுத்தார்கள். ஒப்பிட வேண்டிய நாய்ப் பட்டியல் 2005இல் கிடைத்தது, டாஷா என்ற பாக்ஸர் பெட்டை நாயின் முழு மரபணு வரிசை அந்த வருஷம் வெளியானபோது. அதற்கு முன்னால் நாயின் துண்டை மனிதப் பட்டியலில் வைத்து உத்தேசமாகத் தேட வேண்டியிருந்தது.

என்னைப் போன்ற டெக்னீஷியனுக்கு இதில் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. மாஸ் ஸ்பெக்குக்குப் பனியில் உறைய வைத்த புதுத் திசுதான் வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். இப்போது மெழுகு பிளாக்கிலிருந்தே புரதத்தை எடுக்கிறார்கள், அதற்கும் அடிப்படை அதே சூட்டு வித்தைதான். ஆகவே அலமாரியில் வருஷக்கணக்காகத் தூங்கும் பழைய பிளாக்குகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். அபூர்வக் கட்டிக்கு இதுதான் ஒரே வழி. ஓர் ஊரில், ஒரு வருஷத்தில் பத்து கார்சினாய்டு கிடைக்காது. பல ஊரிலிருந்து பல வருஷத்தது சேர வேண்டும்.

சேர்ப்பது யார் என்பதுதான் என் ஆதங்கம். மனிதப் புற்றுக்குச் சென்னையில் 1982 முதல் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் விலங்குப் புற்றுக்கு 1963இலேயே பதிவேடு தொடங்கினார்கள். ஸ்விட்சர்லாந்தில் 1955 முதல் 2008 வரையிலான நாய்ப் புற்று விவரம் ஒரே பதிவேட்டில் இருக்கிறது. நமக்கு என்ன குறை? சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் 1989இல் முதலில் கண்ட மாநிலம் நம்முடையது. கால்நடைக் கல்லூரி இருக்கிற நாமக்கல்லும் எங்கள் திருச்சிக்குப் பக்கம், ஒரத்தநாடும் பக்கம். படித்தவர்கள் இருக்கிறார்கள், மைக்ரோஸ்கோப் இருக்கிறது. ஊரில் நாய் வளர்ப்பவர்கள் பெருகி, தெருவுக்குத் தெரு பெட் கிளினிக் வந்துவிட்டது. கிளினிக்கில் வெட்டியது கல்லூரியின் பிளாக் அலமாரி வரைக்கும் போய்ச் சேர வழிதான் இல்லை. ஒரு அரசாணையும், கூரியர் செலவுக்குக் கொஞ்சம் பணமும், தனியார் டாக்டர் அனுப்பினாலும் முகம் சுளிக்காமல் வாங்கி வைக்க ஓர் ஆளும் போதும். கால்நடைத் துறை அதிகாரிகள் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அதுவரை டாக்டர்களிடமும் வீட்டுக்காரர்களிடமும் ஒரு டெக்னீஷியன் கேட்டுக்கொள்வது. ஊறுகாய் பாட்டிலில் அனுப்பாதீர்கள். குறுகிய வாய்க்குள் பிதுக்கித் தள்ளிய துண்டு ஃபார்மலினில் கல்லாகி, நாங்கள் பாட்டிலை உடைத்துத்தான் எடுப்போம். வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா போதும். திசுவின் அளவுக்குப் பத்து மடங்கு ஃபார்மலின், பத்து சதவீதம், நியூட்ரல் பஃபர் என்று கேட்டு வாங்குங்கள். ஈரல் கட்டியை முழுசாக முக்கினால் மருந்து நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். கட்டியின் ஓரத்தையும், பக்கத்து நல்ல ஈரலையும், நடுப்பகுதியையும் தனித்தனியாக, அரை சென்டிமீட்டர் கனத்தில் சீவிப் போடுங்கள். நல்ல ஈரல் ஏன் என்று மணியின் கதையைப் படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். பிரிட்ஜில் உறைய வைத்து அனுப்பாதீர்கள். ஐஸ் செல்லைக் கிழித்துவிடும். ஸ்பிரிட்டில் போடாதீர்கள், சலைனில் போட்டு இரண்டு நாள் வைக்காதீர்கள். பாலிதீன் பையில் கட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்பிய ஈரல் ஒன்று எங்களுக்கு வந்தது. டப்பாவைத் திறக்கும் முன்பே என்ன நிலைமை என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஸ்லைடில் செல்களின் நிழல்தான் இருந்தது. ஃபார்மலினிலும் மாதக்கணக்கில் ஊறப் போட்டுவிடாதீர்கள், பூட்டு துருவேறிப் பிரஷர் குக்கருக்கும் மசியாது. ஒன்று, இரண்டு நாள் ஊறினால் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃபார்மால்டிஹைடும் புற்று தரும் சரக்குதான், எங்கள் தலைமுறை அதை முகர்ந்துகொண்டே வேலை பார்த்தது.

வீட்டுக்காரர்கள் ரிப்போர்ட்டை வாங்கும்போது பிளாக் எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி ஒரு சின்னக் குப்பியே பல ஆயிரம் ரூபாய், எல்லாக் கட்டிக்கும் எல்லா ஆன்டிபாடியும் போட யாராலும் முடியாது, உங்களால் இன்று முடியாமலும் போகலாம். பிளாக் இருந்தால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். நாய் இறந்துபோனால், மனசு இடம் கொடுத்தால், புதைக்கும் முன் ஒரு துண்டு எடுக்கச் சம்மதியுங்கள். வற்புறுத்தவில்லை.

டாக்டர்கள் டப்பாவோடு வைக்கும் சீட்டில் வெறுமனே "ஈரல் கட்டி, நாய்" என்று எழுதி அனுப்புவதை நிறுத்த வேண்டும். இனம், வயது, ஆணா பெண்ணா, கருத்தடை ஆனதா, எந்த மடல், ஒன்றா பலவா, மண்ணீரலும் கணையமும் ஸ்கேனில் எப்படி இருந்தன, எத்தனை மணிக்கு வெட்டி எத்தனை மணிக்கு ஃபார்மலினில் போட்டது, இவ்வளவும் வேண்டும். பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதுங்கள், மூடி கசிந்தால் மை கரைந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன், உங்கள் நெடுநாள் வாசகி,
உறையூர், திருச்சி.